இரயில் பயணமும் நம் விரதமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரர் அவதரித்த இந்நன்னாளில் யாத்திரை அனுபவம் குறித்துப் பேசுமாறு அறக்கட்டளை அன்பர்கள் பணித்தார்கள். யாத்திரை என்றவுடன் மலையையும் ஆலயத்தையும் பேசுவதே மரபு. சம்மேத சிகரத்தின் பெருமையை இதே மேடையில் பலர் என்னினும் நன்றாக எடுத்துரைத்திருக்கிறார்கள். ஆகவே இன்று மலையைச் சென்று சேரும் வழியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். ஓர் இரவும், ஒரு பகலும், மறுபடியும் ஓர் இரவின் பாதியும் நாங்கள் ஒரே இரயில் பெட்டியில் இருந்தோம். அப்பொழுதில் நான் கண்டவை நம் பிள்ளைகளின் வருங்காலத்தோடு தொடர்புடையவை என்று கருதுகிறேன்.

இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் 20 பேர் முக்தி எய்திய மலை சம்மேத சிகரம். ஜார்க்கண்ட் மாநிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1365 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. அடிவாரமாகிய மதுபனிலிருந்து ஏறி, வலம் வந்து, இறங்கி முடிக்க 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வந்தவாசி, திருவண்ணாமலை, செஞ்சிப் பகுதிகளிலிருந்து செல்வோரில் பலரும் சென்னையில் இரயிலேறி, ஏறத்தாழ 1660 கிலோமீட்டர் கடந்து ஹௌராவை அடைந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் பாரசநாத் நிலையத்தில் இறங்குவர். நாங்கள் 22 பேர் ஒரு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவ்வழியே சென்றோம்.

நம் முனிவர் பெருமக்கள் எந்த வாகனமும் ஏறுவதில்லை. நான்கு முழத் தொலைவு முன்னே நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராதபடி அடியெடுத்து வைக்கிறார்கள். மழைக்காலத்து நான்கு மாதங்கள் ஓரிடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். இல்லறத்தாராகிய நமக்கு அது இயலாது என்பதை அறிந்தே ஆசாரியர்கள் நமக்கு அணுவிரதம் வகுத்தார்கள். அணுவிரதத்தின் உயிர்நாடி அளவு. எவ்வளவு பொருள் வைத்துக்கொள்வேன், எத்திசையில் எவ்வளவு தூரம் செல்வேன், இன்று இந்தப் பொழுதுக்குள் எந்த எல்லையைத் தாண்டாதிருப்பேன் என்று முன்கூட்டியே அளந்து சொல்லிக்கொள்வது. திக்விரதம், தேசவிரதம் என்று நூல்களில் படிக்கிறோம். நம் தமிழில் அருங்கலச்செப்பு என்னும் அருமையான நூல் சிராவகர் ஒழுக்கத்தை முறைப்படி உரைக்கிறது. அவற்றை ஏட்டில் படித்தபோது விளங்காத ஒன்று, இரயில் பெட்டியில் எனக்கு விளங்கியது.

முதலில் பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். சூரியன் மறைவதற்கு ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை, 48 நிமிடம் முன்னரே உண்டு முடிக்க வேண்டும் என்பது நம் மரபு. ஊரில் இருக்கும்போது இதற்குக் கடிகாரமே போதும். சென்னையில் டிசம்பர் முதல் வாரத்தில் மாலை ஏறத்தாழ 5.40 மணிக்குச் சூரியன் மறைகிறது. ஆனால் வண்டி வடகிழக்கு நோக்கி ஓடுகிறது. கிழக்கே ஒரு பாகை செல்லச் செல்ல, கதிரவன் 4 நிமிடம் முந்தி மறைகிறான். குளிர்காலத்தில் வடக்கே செல்லுந்தோறும் பகலும் குறுகுகிறது. இரண்டும் சேர்வதால், அதே நாட்களில் புவனேசுவரத்தில் 5.05 அளவிலும், கொல்கத்தாவில் 4.50 அளவிலும் பொழுது சாய்ந்துவிடுகிறது. நாடு முழுவதும் கடிகாரம் ஒன்றே. சூரியன் ஒவ்வோர் ஊருக்கும் வேறு. ஆகவே சென்னைக் கணக்கை நம்பி உணவுப் பாத்திரத்தைத் திறப்பவர், கிழக்கே சென்றபின் தம் விரதத்தைத் தாமறியாமலே இழப்பார். எங்கள் குழுவின் தலைவர் ஒவ்வொரு பெரிய ஊரின் மறைவு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தார்.

உணவும் அப்படியே திட்டமிடப்பட்டது. புறப்பட்ட நாளின் மாலை உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டோம். நீர் சேர்த்துச் சமைத்தது மறுநாளைக்கு ஆகாது என்பதனால் புளிச்சோறு கட்டவில்லை. அவல், பொரி, வறுத்த கடலை, பேரீச்சை, வாழைப்பழம் ஆகியவை மூட்டையில் இருந்தன. குடிநீரை வடிகட்டிக் கொதிக்க வைத்து எடுத்துச் சென்றோம். மறுநாள் பிற்பகல் 3 மணியளவில் புவனேசுவரம் நிலையத்தில் அன்பர் ஒருவர் சூடான உணவு கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. 4.15-க்குள் உண்டு முடித்துவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு தவறியது. சில்கா ஏரியின் கரையோரம் வண்டி நின்றது. முன்னே பாதை சீராக இல்லை என்றார்கள். ஒருபுறம் கண்ணுக்கெட்டியவரை நீர்ப்பரப்பு, அதன்மேல் பறவைக் கூட்டம். பிள்ளைகள் முதலில் மகிழ்ந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெரியவர்களின் கண்கள் ஏரியை விட்டுக் கதிரவன்மேல் சென்றன. இருந்த பழங்களைப் பங்கிட்டு 4 மணியளவில் உண்டோம். புவனேசுவரத்தை வண்டி அடைந்தபோது 5.30 கடந்துவிட்டது. நடைமேடையில் விளக்குகள் எரிந்தன. அந்த நல்லவர் இரண்டரை மணி நேரம் காத்திருந்து, 22 பேருக்கான உணவுப் பொட்டலங்களை, சூடு ஆறாதபடி துணியில் சுற்றி ஏந்தி நின்றார்.

பெரியோர்களே, அந்த நேரத்தில் எங்கள் பெட்டியில் எழுந்த கேள்வி இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் எழுகிற கேள்விதான். பசி உண்மை. உணவு தூயது. கொண்டுவந்தவரின் அன்போ பெரிது. தாமதம் நம் செயலன்று. "இன்று ஒருநாள் மட்டும் உண்டால் என்ன, பெரியப்பா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். அவர் பெங்களூரில் கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறவர். அலுவலகம் விட்டு இரவு 9 மணிக்குத்தான் அறைக்குத் திரும்புகிறவர். அவரது கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையாகவே விடை தேடினார்.

அவர் கேட்டது எழுபது வயது கடந்த தம் பெரியப்பாவை. அவர் நீரிழிவு நோயாளி. இரவில் வெறும் வயிற்றோடு இருத்தல் அவருக்கு ஆபத்து. எல்லோரும் அவரைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தம் பையைத் திறந்து, மாத்திரையையும் ஒரு சிறு டப்பாவில் இருந்த பேரீச்சம்பழத்தையும் எடுத்தார். அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நான் விரதம் எடுத்த நாளிலேயே மருந்துக்கும் அதனோடு உண்ண வேண்டியதற்கும் இடம் வைத்துத்தான் எடுத்தேன். ஆகவே இதை உண்பதால் என் விரதம் கெடாது. அந்தச் சோற்றை உண்டால் கெடும். எனக்கு எவ்வளவு இயலும் என்று அளந்துதான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த அளவுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்."

விரதம் என்பது உடலை வருத்தும் பிடிவாதம் என்று எண்ணுவோர் இந்த விடையைச் சிந்திக்க வேண்டும். சக்திக்கு ஏற்ப என்பது நம் ஆசாரியர்கள் கற்பித்த நெறி. சக்தியை அளப்பது விரதம் ஏற்கும்போது. பசி வந்தபின் அளந்தால் அந்த அளவுகோலைப் பசியே பிடித்துக்கொள்ளும். பெரியவர் தம் எல்லையை முன்பே வகுத்திருந்ததால், இருட்டிய நிலையத்தில் அவருக்குக் குழப்பம் இல்லை. விரதம் ஏற்காத இளைஞருக்கு அவர் கட்டளையும் இடவில்லை, கண்டிக்கவும் இல்லை. "உன் அளவை நீ முடிவு செய்" என்று மட்டும் சொன்னார். சிறு பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கப்பட்டது. பெரியோர் எவரும் உண்ணவில்லை. இளைஞரும் உண்ணவில்லை.

எஞ்சிய பொட்டலங்களை வீணாக்கலாகாது. நம் தாய்மார்கள் எழுந்து, அதே பெட்டியில் பயணம் செய்தோருக்கு அவற்றை வழங்கினார்கள். வேலை தேடிச் சென்று ஊர் திரும்பும் கூலித் தொழிலாளர் சிலர் இருந்தனர். கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். இட்ட கைக்கும் பெற்ற கைக்கும் மொழி வேறு. ஆயினும் அதன்பின் அந்தப் பெட்டியில் அந்நியர் எவரும் இல்லை. பசித்திருப்பவர் பிறர்க்கு ஊட்டும் காட்சியை நான் அன்று கண்டேன்.

அதன்பின்தான் எதிரிருக்கையில் இருந்த வங்காள ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "நீங்கள் உண்ணாமல் எங்களுக்குத் தருகிறீர்களே, ஏன்?" சமணர் என்றோம். அவர் வியந்து, "சமணர் என்றால் ராஜஸ்தான், குஜராத் மக்கள் அல்லவா? நீங்கள் தமிழர் ஆயிற்றே?" என்றார். வெளியூர் சென்ற ஒவ்வொரு தமிழ்ச் சமணரும் சந்தித்த வினா இது. பலர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவோம். அன்று எங்கள் குழுவிலிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி பேச்சை மாற்றவில்லை. மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் சமணத் துறவியர்க்குப் படுக்கை அமைத்துத் தந்த செய்தியைச் சொல்வதை விளக்கினாள். சீவக சிந்தாமணி தந்த திருத்தக்கதேவரும், நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் சமணர் என்றாள். பின்னர் சன்னலுக்கு வெளியே காட்டி, "இந்தப் புவனேசுவரத்தை ஒட்டிய உதயகிரிக் குன்றிலுள்ள ஹாத்திகும்பாக் கல்வெட்டில், சமண நெறி போற்றிய கலிங்க மன்னர் காரவேலர் தமிழ் நாட்டரசர் கூட்டணி ஒன்றைக் குறிப்பிடுகிறார். நாங்கள் உங்களுக்குப் புதியவர்கள் அல்லர்" என்று முடித்தாள். ஆசிரியர் கைகூப்பினார்.

அந்தப் பெண்ணின் அறிவை வியந்தேன். அதனினும் முக்கியமான ஒன்றையும் உணர்ந்தேன். அவளுக்கு அந்த வினா எப்படி வந்தது? உண்ணாத கைகளால் வந்தது. ஒழுக்கம் இல்லாதிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார். அறிவு இல்லாதிருந்தால் கேட்டவருக்கு விடை கிடைத்திருக்காது. நம் சமூகம் எண்ணிக்கையில் சிறியது. பிள்ளைகள் கல்விக்கும் பணிக்கும் ஊர் ஊராகப் பரவி வாழ்கிறார்கள். ஊரின் ஆலயமும், தாத்தா பாட்டியின் கண்காணிப்பும் அவர்களோடு செல்வதில்லை. அவர்களோடு செல்லக்கூடியவை இந்த இரண்டுதான்.

இரவு விளக்கணைந்தபின் நடந்த ஒன்றையும் சொல்லி விடுகிறேன். படுக்கையின் ஓரத்தில் ஒரு கரப்பான் பூச்சி ஊர்ந்தது. ஒரு பையன் செருப்பை ஓங்கினான். அவன் தாய் கையைப் பிடித்துத் தடுத்து, ஒரு காகிதத்தில் அதை மெல்ல ஏந்தி, வாயிலருகே கொண்டுபோய் விட்டு வந்தார். "இதுவும் சீட்டு வாங்காமல் வரும் பயணிதான், வாழட்டும்" என்றார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு அவனுக்குள் சென்ற பாடம் எளிதில் மறையாது. நம் பெட்டியில் ஒருவருக்கு உரியது ஒரு படுக்கை, அதனடியில் சிறிது இடம். ஒவ்வொருவரும் அந்த அளவுக்குள் அடங்கியதால்தான் ஒரு பெட்டியில் அத்தனை பேர் உறங்க முடிந்தது. பரிக்கிரக பரிமாணம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமைகிறேன். வாழ்நாள் முழுவதும் இரவில் உண்ணேன் என்று இன்றே உறுதி கூறுமாறு நான் கேட்கவில்லை. உங்கள் பணியையும் உடல்நிலையையும் எண்ணி, உங்களால் காக்க இயலும் ஓர் அளவை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் எனினும் சரி, சதுர்த்தசி நாட்களில் மட்டும் எனினும் சரி, தசலட்சண பர்வத்தின் பத்து நாட்கள் எனினும் சரி. மருந்துக்கு இடம் வேண்டுமெனில் முன்னரே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்த எல்லையை விடுதியிலும், அலுவலகத்திலும், ஓடும் இரயிலிலும் காத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் சிறிய அளவை ஏற்றால் குறை சொல்லாதீர்கள். சிறியதை முழுமையாகக் காத்தவர் நாளை பெரியதை ஏற்பார். அடுத்த யாத்திரைக்குப் புறப்படும் குழுவினர் மறைவு நேரத் தாள் ஒன்றையும், நம் வரலாறு கூறும் தாள் ஒன்றையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

அந்த பெங்களூர் இளைஞர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதாகச் சென்ற மாதம் என்னிடம் கூறினார். வாரத்தில் ஒருநாள்தான். அவரே அளந்துகொண்ட ஒருநாள்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ அருகன் அருளை வேண்டுகிறேன். வாழ்க அறம்! வளர்க அகிம்சை!