அடுத்த பரீட்சை எப்பம்மா?

(நர்சிங் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நம் டிரஸ்ட் பொம்மிடியில் நடத்திய கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)





நான் நர்சிங் சேர்ந்த முதல் வருடம் அனாட்டமியில் தோற்றுப்போனேன். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். பாடம் புரிந்திருந்தது; எலும்புகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதத்தான் கை வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள், "படிச்சது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்றார்கள். என் அத்தா மட்டும், "அடுத்த பரீட்சை எப்பம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னை நர்ஸ் ஆக்கியது.

பாடம் கடினம் என்ற பயத்தைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தோற்றால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்க விடாது. அதைப் போக்க வீட்டாரால்தான் முடியும்.

பி.எஸ்சி. நர்சிங் விதிமுறையைப் பெற்றோரும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். முக்கியப் பாடங்களில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் அதை மறுபடி எழுதலாம். படிப்பை முடிக்க 8 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆகவே ஒரு அரியர் வந்தால் குடும்ப மானம் போய்விடாது.

செய்முறைத் தேர்வுதான் பலருக்கு நடுக்கம் தருகிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் நிற்பார், தெரிந்ததும் மறந்துபோகும். இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. அம்மா பாயில் படுத்து நோயாளி ஆகுங்கள். மகள் கை கழுவுவதிலிருந்து, நோயாளியிடம் சொல்லிவிட்டு பி.பி. பார்த்து, குறித்து வைப்பது வரை ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்யட்டும். கருவி இல்லையென்றால் ஒரு துண்டைக் கையில் சுற்றினால் போதும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பத்து நாள் இப்படிப் பழகினால் தேர்வாளர் முன்னாலும் வாய் திறக்கும்.

பிள்ளைகளே, வைவாவில் கேள்வி புரியவில்லையென்றால், "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதில் தவறில்லை. பரீட்சைக்கு முன் நெஞ்சு படபடத்தால் உங்கள் நாடியை நீங்களே எண்ணிப் பாருங்கள். அது அட்ரினலின் செய்யும் வேலை என்று வகுப்பில் படித்தவர்கள்தானே நீங்கள்! மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடத்தில் படபடப்பு குறையத் தொடங்கும். விடிய விடிய டீ குடித்துக் கண் விழிக்காதீர்கள். டீ படபடப்பைக் கூட்டும்; தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது.

தாய்மார்களே, பரீட்சை வாரத்தில் விருந்தாளி, விசேஷம் என்று பிள்ளையை அடுப்படிக்கு இழுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிள்ளை பல நாள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னாலோ, அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ நினைக்காதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர்கள் இரவு பகலாகத் தமிழில் பேசுகிறார்கள். அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

ரிசல்ட் வரும் நாளில் பிள்ளை முகம் வாடி வாசலில் நின்றால், முதலில் சோறு போடுங்கள். பிறகு என் அத்தா கேட்டதைக் கேளுங்கள்.