ஆகாயத்தாமரையும் ஆற்றங்கரைப் பதிவேடும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆகாயத்தாமரை என்னும் சொல் தமிழில் மூன்று பொருள்களைச் சுமந்து நிற்கிறது. தருக்க நூலாரிடம் அது உலகில் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டு. சித்த மருத்துவரிடம் அது நீரில் மிதக்கும் ஒரு மூலிகை. இன்றைய தஞ்சை உழவரிடமோ, ஊதாப் பூக்களோடு வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் அந்நியச் செடி. வெங்காயத்தாமரை என்றும் அதனை அழைப்பர். இல்லாத ஒன்றைச் சுட்டிய பெயர், எங்கும் நிறைந்துவிட்ட ஒன்றுக்கு உரியதாயிற்று. பெயரின் அழகு கண்ணை மறைக்கும் இடம் இது.

இச்செடியின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. அழகுச் செடியாகப் பல நாடுகளுக்கும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்தது. அங்கே நெல்வயலையும் படகுப் போக்குவரத்தையும் அது முடக்கியமையால், 1936இல் அதனை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஏற்ற சூழலில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அது இருமடங்காகும். இக்கணக்கின்படி, தடையேதுமின்றிப் பெருகினால், ஒரு கூடைச் செடி நான்கு திங்களில் 256 கூடையாகும்.

காவிரிப் படுகைக்கு இக்கணக்கு விளையாட்டன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. கல்லணையில் பிரியும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியே ஓடிக் கிளை வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடையைச் சேர வேண்டும். நடுவே ஒரு மதகில் ஆகாயத்தாமரை திரண்டாலும், கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதராக மண்டினாலும், தலைமடையில் கரை தளும்பும் நீர் கடைமடைக்கு எட்டாது. நாற்று காத்திருக்கும்; பருவம் காத்திராது.

ஆண்டுதோறும் தூர்வாரும் பணி நடைபெறுகிறது. ஆயினும் வாரிய பின் என்ன நிகழ்கிறது என்பதைத் தொடர்ந்து காண்போர் சிலரே. காட்டாமணக்கின் வெட்டுண்ட தண்டு ஈரக்கரையில் கிடந்தால் மீண்டும் வேர்விடும். ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து முளைக்கும். எனவே அகற்றும் கைகளுக்கு நிகராகக் கவனிக்கும் கண்களும் தேவை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தாவரவியலாரை அமர்த்த எந்த அரசாலும் இயலாது. அதே கரையில் நாள்தோறும் நடப்பவர் விரும்பி ஏற்றுச் செய்யும் பதிவே குடிமக்கள் அறிவியல் எனப்படுகிறது.

அதற்கு வேண்டுவன யாவை? எங்கே, எப்பொழுது, எது என்னும் மூன்றுமே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது. மரமும் பூவும் கருப்பொருளுள் அடங்கும். இடமும் நாளும் குறிக்கப்பெறாத தாவரப் பதிவை அறிவியல் ஏற்பதில்லை. திணை பயின்ற கவிஞர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று.

இப்பணிக்கு இம்மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த கோனிக், தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர். 1776இல் அங்கு வந்த ராட்லர் சமயப் பணியாளர். செடிகளைத் தேடித் திரட்டுவதை ராட்லர் விருப்பப் பணியாகவே மேற்கொண்டார். ராட்லர் உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள் பின்னாளில் இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தைச் சென்றடைந்தன. அவரே தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1834இல் அது வெளிவரத் தொடங்கியது. செடியைத் திரட்டிய கையே சொல்லையும் திரட்டியது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தின் மாத்யூ அடிகளார், தமிழகச் சமவெளித் தாவரங்களை ஆராய்ந்து 1980களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். எது முன்பே இருந்தது, எது பின்னர் வந்தது என இன்று ஆராய்வோர் இத்தகைய பழம் பதிவுகளையே நாட வேண்டியுள்ளது.

பதிவு செய்வோர்க்கு முதல் தேர்வு, ஒத்த தோற்றத்தை வேறுபடுத்தி அறிதலாகும். நாட்டுக் கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும். அதன் காய் மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ கதிர்போல் நீண்டு தொங்கும். முற்றிய காய் மஞ்சள் நிறமும் இனிப்பும் உடையது. அவ்வினிப்பே அதன் சூழ்ச்சி. காயைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை ஊரெங்கும் செல்லும். ஜமைக்காவிலிருந்து பெற்ற விதைகளாக 1877இல் கடப்பைப் பகுதியில் அறிமுகமான அம்மரம், இன்று கோடியக்கரையில் வெளிமான் மேயும் வெளிகளுக்குள்ளும் புகுந்துள்ளது. வேறுபாடறியாமல் வெட்டுவோர் நாட்டு மரத்தையும் சேர்த்தே சாய்ப்பர்.

தமிழ்நாடு அரசு 2022இல் ஊடுருவும் அந்நியத் தாவரங்கள் குறித்துக் கொள்கையொன்றை வெளியிட்டது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் வழி செய்துள்ளது. ஏடு இருக்கிறது, அதை உண்மையால் நிரப்புவது ஊராரின் பொறுப்பு.

இதில் தமிழுக்கும் ஓர் இழப்பு காத்திருக்கிறது. வற்றிய குளத்தைவிட்டு அகலும் பறவைகளைப் போலாது, குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் உறவினராகக் கொட்டி, ஆம்பல், நெய்தல் என்னும் மூன்றையும் மூதுரை காட்டுகிறது. வறட்சியிலும் பிரியாத அவ்வுறவுகள், நீர்ப்பரப்பு முழுதும் அயற்செடியால் மூடப்படும்போது ஒளியின்றி நலிகின்றன. கொட்டியைக் கண்டறியாத தலைமுறைக்கு அச்சொல் உரைகாரர் தரும் ஒரு குறிப்பாக மட்டுமே எஞ்சும்.

ஆதலின் இப்பத்தாம் ஆண்டில் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு குளத்தையோ, இரண்டு மதகுகளுக்கு இடைப்பட்ட வாய்க்காலையோ தமதாக ஏற்க வேண்டும். திங்கள் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, நாள், இடம், செடியின் பெயர், அது மூடியுள்ள பரப்பு, பூவும் காயும் உண்டா என்பவற்றை எழுதி, ஒரு படமும் எடுத்து வைத்தல் வேண்டும். ஐயமுள்ள பெயரை ஐயம் என்றே குறிக்க வேண்டும். அயற்செடி காணப்படவில்லையெனில் அதையும் எழுத வேண்டும்; அடுத்த திங்களில் அது தோன்றுமாயின், வந்த காலத்தைக் காட்டும் சான்று அவ்வரியே. கொட்டியும் ஆம்பலும் கண்ணிற்பட்டால் அவற்றுக்குத் தனி வரி வேண்டும். எழுதியவற்றை ஊராட்சியின் பல்லுயிர்க் குழுவிடமும், மதகை அடைக்கும் திரளைக் கண்டவுடன் நீர்வளத் துறையினரிடமும் சேர்ப்பித்தல் வேண்டும்.

கூடையளவில் கண்ட செடியை இருவர் ஒரு காலைப்பொழுதில் அகற்றிவிடலாம். நான்கு திங்கள் கழித்து எந்திரம் வர வேண்டியிருக்கும். அதற்குள் கடைமடை நாற்று கருகியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது, உரிய நாளில் எழுதப்பெற்ற ஒரு வரி.