தில்லியின் கோடையும் முதியோரைப் பேணுவோரும்
(உரையின் எழுத்து வடிவம்)

தில்லியின் கோடை ஏப்ரல் நடுவில் தொடங்கி, ஜூன் இறுதியில் பருவமழை வந்து சேரும்வரை நீடிப்பதாகும். பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வீசுகிறது. 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. இக்காலத்தில், உடல்நலம் குன்றிய முதியவர் உள்ள வீடுகளில் கதவும் சன்னலும் அடைபடுகின்றன. அடைபடுபவர் முதியவர் மட்டுமல்லர். அவரைப் பேணும் மனைவியும் மகளும் மருமகளும் மகனும் அவருடன் சேர்ந்தே அடைபடுகின்றனர்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி. அவர்களுள் உதவி தேவைப்படுவோரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தையே சார்ந்தது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பேணும் பணியில் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடங்கள் செலவிடுவதாகக் கூறுகிறது. ஆண்களில் அப்பணியில் ஈடுபடுவோர் 21.4 சதவீதத்தினர்; அவர்கள் செலவிடும் நேரம் 74 நிமிடங்கள். குழந்தை வளர்ப்பும் இக்கணக்கில் அடங்கும். எனினும் குழந்தை வளர வளரச் சுமை குறைகிறது. முதுமையில் அது கூடுகிறது.

பொழுதுபோக்கு வீண் செலவன்று

நோயுற்ற முதியவருக்குக் கோடையில் உலாவும் வேடிக்கையும் எதற்கு என்று கேட்போர் உண்டு. பல வாரங்கள் ஒரே அறையில் கிடப்பவருக்கு உறக்கம் கெடுகிறது, மூட்டுகள் இறுகுகின்றன, மனம் சோர்கிறது. பேணுபவரோ களைத்துச் சினம் கொள்கிறார். பின்னர் அச்சினத்திற்காக வருந்துகிறார். இருவரும் சேர்ந்து மகிழும் ஒரு மணி நேரம், மருந்தைப் போலவே பராமரிப்பின் பகுதியாகும்.

இதற்கு முதல் தேவை எச்சரிக்கை. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. வியர்த்து உடல் தணியும் ஆற்றலும் குறைகிறது. சிறுநீர் பெருக்கும் மருந்து உண்போர்க்கு நீரிழப்பு விரைவில் நேரும். இதய நோயும் சிறுநீரக நோயும் உடையோர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி மிகுந்தாலும், அல்லது 45 டிகிரியைத் தொட்டாலும் அதனை வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. அத்தகைய நாளில் வெளியே செல்லாதிருப்பதே அறிவுடைமை.

ஏனைய நாட்களில் விடியற்பொழுது உதவும். மே இறுதியில் தில்லியில் ஐந்தரை மணிக்கு முன்பே பொழுது புலர்ந்துவிடுகிறது. 1936-இல் திறக்கப்பட்ட லோடி தோட்டத்தில், பழைய கல்லறை மாடங்களுக்கிடையே நிழல் மரங்கள் உண்டு. அரை மணி நேர உலாவே போதும். தண்ணீர், தொப்பி, நனைத்த துண்டு ஆகியவற்றுடன் சென்று, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம்.

பகற்பொழுதைக் கழிக்க ஜனபத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகம் போன்ற இடங்கள் உண்டு. பார்வையற்றோர் தொட்டு உணர்வதற்கென 'அனுபவ்' என்னும் கூடம் 2015-இல் அங்கே அமைக்கப்பட்டது. பார்வை மங்கிய முதியோருக்கும் அத்தகைய கூடம் பயன்படும். 2002 டிசம்பர் 24 அன்று தொடங்கிய மெட்ரோ ரயிலில் லிப்ட், சாய்தளம், முதியோர் இருக்கை ஆகியவை உள்ளன. அலுவலக நேரத்து நெரிசலைத் தவிர்த்தால் அந்தப் பயணமே ஓர் உலாவாகும். மறதி நோயுடையோருக்குக் கூட்டமும் இரைச்சலும் கலக்கம் தரும் என்பதை நினைவிற்கொள்ளல் நலம்.

வெளியே செல்ல இயலாதோர்க்கு வீடே களமாகும். தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் வடகம் பிழிவதும் மாவடு போடுவதும் உண்டு. நிற்க இயலாத பாட்டியும் மாவின் பதம் பார்த்துச் சொல்லலாம். நீர்மோருக்கு உப்பு போதுமா என்று சுவைத்துக் கூறலாம். அப்பொழுது அவர் பணிவிடை பெறுபவராக மட்டும் இராமல், வீட்டிற்கு வழிகாட்டுபவராகவும் ஆகிறார்.

திட்டமிடுவோர் கருத வேண்டுவன

1982-இல் வியன்னாவில் முதுமை பற்றிய முதல் உலகப் பேரவை கூடியது. 1999-இல் முதியோருக்கான தேசியக் கொள்கை நம் நாட்டில் உருவாயிற்று. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக்கிற்று. ஆயினும் பேணுவோரின் ஓய்வைப் பற்றி அது பேசவில்லை. மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடுவது ஒரு நல்ல தொடக்கம்.

பொது இடங்களை அமைப்போர், முதியவரையும் துணைவரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ரயில் நிலையத்திற்குள் சாய்தளம் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து நிலையம் வரையுள்ள உடைந்த நடைபாதையைச் சக்கர நாற்காலி கடப்பது அரிது. நோயுற்ற மனைவியைக் கணவர் அழைத்துச் சென்றால், இருவரும் சேர்ந்து நுழையக்கூடிய கழிப்பறை வேண்டும். அது இல்லாத பூங்காவுக்கு அவர்கள் மறுமுறை வரமாட்டார்கள். நிழலில் இருக்கையும் குடிநீரும் அவ்வாறே இன்றியமையாதவை. இவை பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்களல்ல.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. கோடை விடுமுறையில், அண்டை வீட்டு முதியவருடன் வாரத்தில் ஒரு மாலை அமர்ந்து நாளிதழ் படித்துக் காட்டினால், அவரைப் பேணுபவருக்கு அந்நேரம் சொந்தமாகிறது. 2021-இல் தொடங்கிய 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை அவ்வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதும் தொண்டே. அதிகாரிகள் அடுத்த கோடைக்கு முன் தம் பகுதிப் பூங்காக்களுக்கு ஒரு முதியவருடனும் அவர் துணைவருடனும் நேரில் சென்று பார்ப்பார்களாயின், செய்ய வேண்டியவை எவை என்பது அங்கேயே விளங்கும்.