உரிமை யார் தருவது?



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வந்தபொழுது, சட்டம் பயிலும் ஓர் இளைஞர் என் கையைப் பற்றிக்கொண்டு வினவினார்: "ஐயா, உரிமை உரிமை என்று மேடைதோறும் முழங்குகின்றீர்களே, சட்டப் பொத்தகத்தில் எழுதப்படாத ஒன்றை உரிமை என்று எவ்வாறு கூறுவது? எழுதாததை எந்த மன்றத்தில் போய்க் கேட்பது?" தெருவில் நின்று விடை கூறத்தக்க வினாவன்று அது. எனவே இன்றைய பொழிவை அவருக்கே உரியதாக்குகின்றேன்.

முதலில் சொல்லைப் பாருங்கள். 'உரி' என்னும் அடியினின்று கிளைத்தது உரிமை. 'இந்நிலம் அவனுக்கு உரியது' என்கின்றோம்; 'இப்பணிக்கு அவனே உரியவன்' என்றும் கூறுகின்றோம். முன்னது உடைமை, பின்னது தகுதி. இரண்டையும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. ஆங்கிலத்தாரும் உரிமைக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை ஆள்கின்றனர் என்பது ஈண்டு நினையத்தக்கது. ஆனால், நம் சொல்லுக்குள் கொடுப்பவன் என்று ஒருவன் இல்லை. கொடை என்றால் கொடுத்தவன் வேண்டும்; பரிசில் என்றால் புரவலன் வேண்டும். உரிமை என்றால் உரியவன் இருந்தாலே போதும்.

சொல்லை வைத்துக்கொண்டு வழக்கை வென்றுவிட முடியாது என்பதை நான் அறிவேன். சட்டம் பயில்பவர் வழக்கைத்தான் கேட்பார். அவருக்காக ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1975 சூன் 25 இரவு, இந்திய அரசு நெருக்கடிநிலையை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, குடியரசுத் தலைவர் ஆணையொன்று பிறந்தது: உயிரையும் உடல் விடுதலையையும் காக்கும் 21ஆம் பிரிவு முதலியவற்றைக் காட்டி எவரும் முறைமன்றம் ஏறக்கூடாது. மிசாச் சட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கானோர் உசாவலின்றி அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் ஆட்கொணர்வு முறையீடு செய்தனர். ஒன்பது உயர் முறைமன்றங்கள் அம்முறையீடுகளைக் கேட்கலாம் என்றே கூறின. அரசு விடவில்லை, தில்லி உச்ச முறைமன்றத்திற்குப் போயிற்று. சபல்பூர் வழக்கு என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

ஐந்து நடுவர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரான கன்னா, அரசின் தலைமை வழக்குரைஞரிடம் ஒரு வினாத் தொடுத்தார். காவலன் ஒருவன், சட்டத்தின் துணையின்றி, தன் பகையினால் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது? அப்பொழுதும் மன்றத்தில் தீர்வு இல்லை என்பதே விடையாக வந்தது! அந்த விடையைக் கேட்ட பின்னும், 1976 ஏப்பிரல் 28 அன்று, நால்வர் அரசின் பக்கமே தீர்ப்புரைத்தனர். உயிருக்கான உரிமை 21ஆம் பிரிவுக்குள் மட்டுமே உறைகின்றது. அதன் கதவு அடைபட்டால் கேட்பதற்கு எவருக்கும் வழியில்லை என்பது அவர்தம் முடிவு. நம் இளைஞர் கேட்ட வினாவைத்தான் அவர்கள் விடையாக எழுதிவைத்தனர்.

கன்னா ஒருவரே மாறி நின்றார். அப்பிரிவு எழுதப்படுவதற்கு முன்பும் சட்டத்தின் வழியன்றி ஒருவனுடைய உயிரைப் பறிக்க அரசுக்கு உரிமையில்லை. எழுதியதனால் மட்டும் அவ்வுரிமை பிறக்கவில்லை என்றார். அறம் கற்பித்த ஆசான் பேசியதன்று இது. சட்டம் கற்ற நடுவர் சட்டத்தினுள் நின்றே கூறியது. அதற்கு அவர் விலையும் கொடுத்தார். 1977 சனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான பெகு தலைமை நடுவராக்கப்பட்டார். கன்னா பணியைத் துறந்தார். எதிர்ப்பக்கம் நின்ற நால்வரும், ஒருவர் முன்பே, மற்றவர் பின்னே, தலைமை இருக்கையில் அமர்ந்தவர்களே!

எனினும், எழுத்து வேண்டா என்று நான் கூறவில்லை. நம்மவருள் சிலர் அப்படிப் பேசித் திரிகின்றனர், அது பிழை. 1978இல் நாடாளுமன்றம் 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, எந்நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை முடக்கக்கூடாது என்று எழுதியது. அந்த எழுத்து இல்லாவிடில் அடுத்த ஆட்சியாளனின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டியதே. உரிமை முன்னே பிறக்கின்றது; வேலி பின்னே எழுகின்றது. வேலியில்லாப் பயிரை ஆடு மேயும் என்று உழவனுக்கு யார் கற்பிப்பது?

நால்வருள் ஒருவரான பகவதி, 2011இல் தாம் செய்தது தவறென்று வெளிப்படையாக ஒப்பினார். மற்றொருவர் சந்திரசூடு. அவர் மகனும் நடுவராகி, 2017 ஆகத்து 24 அன்று ஒன்பதின்மர் அமர்ந்த மன்றத்தில், தம் தந்தை உடன்பட்ட அத்தீர்ப்பு பெரும்பிழை என எழுதினார். அவ்வழக்கு தனிமறைவு பற்றியது. அத்தனிமறைவு உரிமையோ அரசமைப்புச் சட்டத்தில் எந்த வரியிலும் பெயர்சொல்லி எழுதப்படாதது! தம்பி, உம் வினாவுக்கு உச்ச முறைமன்றமே தந்த விடை இது.

ஆனால், தம்பி கேளாத மறுபாதி ஒன்று உண்டு. எழுதப்பட்டும் கிட்டாத உரிமையை என்னென்பது? தீண்டாமை ஒழிந்ததென்று 17ஆம் பிரிவு 1950இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பின்னும் நம் தமிழூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அக்குவளையைத் தனியே வைத்தவன் தில்லிக்காரன் அல்லன், தமிழ் பேசுபவன்தான். தில்லியிடம் உரிமை கேட்கும் வாய், தன் தெருவில் உரியவனுக்கு மறுக்கும்பொழுது, எந்த நடுவரிடம் நாம் முறையிடுவோம்?

அவ்விளைஞர் இன்றும் வந்திருக்கின்றார். இரண்டாம் வரிசையில் எழுதிக்கொண்டிருக்கின்றார். நான் அமர்கின்றேன். அவர் எழுந்து கேட்கட்டும்.