மூலிகைச் சாறு பாக்டீரியாவைக் கொல்லுமா?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மூலிகை பயிரிடும் உங்களில் சிலர் ஒரு பிடி இலையைக் கொண்டுவந்து, "ஐயா, இதன் சாறு கிருமியைக் கொல்லுமா, சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இன்று சொல்கிறேன்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஒரு பகுதியைத் தண்ணீரிலும் மற்றொரு பகுதியை எரிசாராயத்திலும் ஊற வைக்கிறோம். தண்ணீரில் இறங்காத பொருள் எரிசாராயத்தில் இறங்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. ஆகவே எதில் எடுத்த சாறு என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரைச் சத்துநீருடன் காய்ச்சி, மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய விடுகிறோம். அதன் மேல், மாட்டின் மடிநோய்க்குக் காரணமான ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாவைத் தடவி, சாற்றில் நனைத்து உலர்த்திய 6 மில்லிமீட்டர் வட்டக் காகிதத்தை வைக்கிறோம். 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு இருந்தால் தட்டு முழுவதும் பாக்டீரியா படர்ந்துவிடும். சாறு தடுத்திருந்தால் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும்.

வளையத்தைக் கண்டு நான் ஏமாந்ததும் உண்டு. முதுகலை படித்தபோது, சாறு இல்லாமல் வெறும் எரிசாராயத்தில் நனைத்த காகிதம் ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் விட்டுவிட்டேன். திரும்பச் செய்து பார்த்தால், சரியாக உலராத எரிசாராயமே ஏறத்தாழ அதே வளையத்தைக் காட்டியது! மூன்று மாத உழைப்பு வீணாயிற்று.

அளவையும் பாருங்கள். ஜென்டாமைசின் காகிதத்தில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து. சாற்றுக் காகிதத்தில் 10 மில்லிகிராம் வைத்தால் அது ஆயிரம் மடங்கு. இரண்டு வளையமும் சமம் என்பதால் இரண்டும் சமமான மருந்து ஆகிவிடாது. மேலும், ஸ்டெபிலோகாக்கஸைத் தடுக்கும் பல சாறுகள், அதே மடிநோயை உண்டாக்கும் ஈ. கோலையிடம் பலிப்பதில்லை. அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. பல பொருள்களை அது உள்ளே விடாது.

தட்டில் தெரிந்தது மடியிலும் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சை அவரைக் கேட்டு மடியின் மேல் பூசலாம். வீட்டில் எடுத்த சாறு எதையும் காம்புக்குள் செலுத்தவே கூடாது. இரண்டு நாள் தாமதத்தில் ஒரு காம்பே வற்றிப் போகக்கூடும்.

சோதனைக்குக் கொண்டுவருவோர் இலையை மட்டும் கிள்ளி வராதீர்கள். கீழாநெல்லி என்று சந்தைக்கு வருவதிலேயே பல இனங்கள் கலந்திருக்கும். பூவும் காயும் வேருமாக முழுச் செடி ஒன்றையும், பறித்த மாதத்தை எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைத்தால் வழியிலேயே பூஞ்சாணம் பிடித்துவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றினால் போதும்.