கணிப்பொறி கண்விழிக்கும் வேளை



கிராமத்து அடிகுழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில நாட்கள் அடிக்காமல் விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதிலிருந்து காற்றுத்தான் வரும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து குழாயின் வாயில் ஊற்றுவார்கள். அதன் பிறகு நாலு அடி அடித்தால் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும். தண்ணீர் எடுப்பதற்கே தண்ணீர் வேண்டியிருக்கிறது!

கணிப்பொறியின் நிலையும் இதுதான். ஒரு நிரல் ஓட வேண்டுமானால் அது நினைவகத்தில் இருக்க வேண்டும். அதை நினைவகத்திற்குக் கொண்டுவரும் வேலையைச் செய்வதும் ஒரு நிரலே. அப்படியானால், அந்த முதல் நிரலைக் கொண்டுவருவது யார்? 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறியில், அதை வைத்திருந்தவரே முன்பலகையிலுள்ள விசைகளை மேலும் கீழும் தள்ளி, முதல் நிரலை எண் எண்ணாக உள்ளே செலுத்தினார். இன்று அந்தக் கைவேலையை ஒரு சிறு நிரல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பூட்லோடர் என்று பெயர். அதுவே நாம் ஊற்றுகிற ஒரு செம்புத் தண்ணீர்.

இதை விளக்க ஒரு பலகையை எடுத்துக்கொள்கிறேன். பீகிள்போன் பிளாக் என்பது அதன் பெயர். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஒரு செயலியும், 512 மெகாபைட் அளவுள்ள நினைவகமும், மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத சேமிப்பகம் ஒன்றும் இருக்கின்றன. 512 மெகாபைட் இருக்கையில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெரிய நினைவகம் மின்சாரம் வந்தவுடன் தானாக வேலை செய்யாது. அதில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் எத்தனை கணம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்குகளை யாராவது முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். அதுவரையில் அந்தப் பெரிய களஞ்சியம் பூட்டியே கிடக்கும்.

ஆகையால் பலகை மூன்று படிகளில் கண்விழிக்கிறது. முதற்படி, செயலிக்குள்ளேயே நிலையாகப் பதிக்கப்பட்ட ரோம் நிரல். அதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. மின்சாரம் வந்ததும் அது சில முனைகளின் மின்னிலையைப் பார்த்து, அடுத்த நிரலை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று முடிவு செய்கிறது. வழக்கமான வரிசையில் முதலில் பலகையிலுள்ள சேமிப்பகம், பிறகு மெமரி கார்டு, அதன் பிறகு தொடர்வரிசைக் கம்பி. கிடைத்ததைச் செயலிக்குள் இருக்கும் சிறிய இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அந்த இடத்தின் அளவு 109 கிலோபைட்தான். முழுப் பூட்லோடர் அதில் கொள்ளாது. எனவே இரண்டாம் படியாக எம்.எல்.ஓ. என்னும் சிறிய கோப்பு வருகிறது. பெரிய நினைவகத்திற்கு உரிய கணக்குகளைச் சொல்லி அதைத் திறந்துவிடுவதே இதன் தலையாய பணி. மூன்றாவதாக முழுப் பூட்லோடர் அந்த நினைவகத்தில் வந்து அமர்ந்து, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அழைத்து வருகிறது.

இப்பலகையில் பெரிதும் வழங்கும் பூட்லோடருக்கு யூ-பூட் என்று பெயர். ஜெர்மானியரான வுல்ஃப்காங் டெங்க் 2000-ஆம் ஆண்டில் பி.பி.சி.பூட் என்ற பெயரில் வெளியிட்ட நிரல், பலவகைச் செயலிகளுக்கும் விரிந்து, 2002-இல் இப்பெயரைப் பெற்றது. ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள். மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம்.

இதை நிறுவும் முறையைச் சொல்கிறேன். மூல நிரலை நம் மேசைக் கணிப்பொறியில் வைத்து, எந்தப் பலகைக்காக என்பதைக் குறிப்பிட்டு, அச்செயலியின் மொழிக்கு மாற்ற வேண்டும். இரண்டு கோப்புகள் கிடைக்கும். மெமரி கார்டின் தொடக்கத்திலிருந்து 128 கிலோபைட் தள்ளிச் சிறியதையும், 384 கிலோபைட் தள்ளிப் பெரியதையும் எழுதுவது ஒரு வழக்கம். பிறகு தொடர்வரிசைக் கம்பியை இணைத்து, வேகத்தை 115200 என்று அமைத்தால் பலகை பேசுவதைத் திரையில் படிக்கலாம். அந்தக் கம்பி 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும்; 5 வோல்ட் வகையை இணைத்தால் செயலிக்கே ஊறு நேரலாம். யூ-பூட் சில விநாடிகளைப் பின்னோக்கி எண்ணும். அதற்குள் ஒரு விசையை அழுத்தினால் நின்று, நம் கட்டளைக்குக் காத்திருக்கும். லினக்ஸை எங்கிருந்து எடுப்பது, அதற்கு என்ன சொல்லி அனுப்புவது என்பனவற்றை அப்பொழுது மாற்றி எழுதிச் சேமிக்கலாம்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நான் இதைக் கற்றுக்கொண்டதோ ஒரு பிழையினால். கல்லூரி மாணவர் ஒருவர் தம் இறுதியாண்டு வேலை முழுவதையும் இத்தகைய பலகை ஒன்றில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் அதை ஆசிரியர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டும். பலகை இன்னும் விரைவாகக் கண்விழித்தால் நன்றாயிருக்கும் என்று என்னிடம் கொண்டுவந்தார். நான் புதிய பூட்லோடரை ஆக்கி, கார்டில் வைத்துச் சோதித்துப் பார்க்காமல், நேரே பலகையின் சேமிப்பகத்திலேயே எழுதினேன். மின்சாரத்தை நிறுத்தி மறுபடியும் கொடுத்தேன். திரையில் ஓர் எழுத்துக்கூட வரவில்லை. பலகை ஊமையாகிவிட்டது.

"ஐயா, இனி இது அவ்வளவுதானா?" என்று அந்த மாணவர் கேட்டார். எனக்கு நாவெழவில்லை.

நான் செய்த தவறு என்ன? அதே செயலியைக் கொண்ட வேறொரு பலகையின் பெயரைக் குறிப்பிட்டு நிரலை ஆக்கிவிட்டேன். செயலி ஒன்றேயானாலும், அதனோடு இணைத்த நினைவகம் வேறு. ஆகவே கணக்கும் வேறு. ரோம் நிரல் அந்தக் கோப்பை ஒழுங்கானது என்றே நம்பி ஓட விட்டது; கோப்போ தவறான கணக்கைச் சொல்லி வழியிலேயே நின்றுவிட்டது.

நல்லவேளையாக, பலகையை வடித்தவர்கள் ஒரு வழியை விட்டுவைத்திருந்தார்கள். மெமரி கார்டு செருகும் இடத்துக்கு அருகில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், ரோம் நிரல் பலகையின் சேமிப்பகத்தை நாடாமல் கார்டை நாடும். முதலில் நான் மின்சாரத்தை நிறுத்தாமல், மறுதொடக்கப் பொத்தானை மட்டும் தட்டிப் பார்த்தேன், பயனில்லை. மின்சாரம் புதிதாக வரும் கணத்தில் மட்டுமே செயலி அந்த முனைகளைப் பார்க்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கம்பியைப் பிடுங்கி, பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் செருகினேன். திரையில் எழுத்துக்கள் ஓடின! கார்டிலிருந்து கண்விழித்த பலகையைக் கொண்டே, கெட்டுப்போன பூட்லோடரின்மேல் சரியானதை எழுதினோம். மாணவரின் கோப்புகள் அதற்கு அப்பால் இருந்தமையால் ஒன்றும் அழியவில்லை.

நண்பர்களே, அன்று பலகையைக் காப்பாற்றியது என் திறமை அன்று. யாராலும் மாற்ற முடியாத அந்தச் சிறிய ரோம் நிரலும், அதை வேறு வழியில் திருப்பிவிடும் ஒரு பொத்தானுமே காப்பாற்றின. நீங்களும் நாளை இத்தகைய பலகைகளைக் கையாளுவீர்கள். புதியதை முதலில் கார்டில் வைத்துச் சோதியுங்கள். அது நன்றாக ஓடிய பின்னரே பலகையில் எழுதுங்கள். நன்றாக ஓடிய பழைய கார்டு ஒன்றை எப்போதும் பத்திரமாக எடுத்து வையுங்கள். குழாயில் ஊற்றுவதற்கு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து வைத்தவருக்குத்தான் மறுநாளும் தண்ணீர் கிடைக்கும்.