பழைய காரின் சூடும் தெர்மாஸ்டாட்டும்

உடலுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர் முதலில் காரணத்தை ஆராய்கிறார். மருந்தைப் பிறகுதான் எழுதுகிறார். பழைய மோட்டார் காரின் எஞ்சின் அளவு மீறிச் சூடேறும்போது மட்டும் நம்மில் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகிறோம். தெர்மாஸ்டாட் என்னும் சிறு கருவியைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீரும் என்ற நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கை பொருந்துமா என்பதை இன்று ஆராய்வோம்.

அம்பாசிடர் காரை உதாரணமாகக் கொள்வோம். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான இக்கார், அரசாங்க அலுவலகங்களில் நெடுங்காலம் உழைத்தது. இன்று பல இல்லங்களில் அருமையாகப் பேணப்படுகிறது. இதன் எஞ்சினைச் சுற்றியோடும் நீர், சூட்டை ஏற்று ரேடியேட்டருக்குச் சென்று, காற்றில் ஆறித் திரும்புகிறது. எஞ்சினிலிருந்து நீர் வெளியேறும் வாயிலில் காவலனைப் போல் நிற்பது தெர்மாஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது வழியை அடைக்கிறது. நீர் ஏறக்குறைய 82 டிகிரி செல்சியஸை எட்டியதும் திறக்கிறது. திறக்கும் அளவு அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

சூடு என்றதும் முதலில் ஐயுற வேண்டியது முள்ளைத்தான். மின்சாரத்தால் இயங்கும் மானிகள் பலவற்றில், வெப்பமானிக்கும் பெட்ரோல் மானிக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கி பணிபுரிகிறது. இரண்டு முட்களும் ஒருசேர மேலே ஏறினால், பிழை எஞ்சினில் இல்லை, அந்தச் சீராக்கியில் இருக்கலாம்.

முள் உண்மை சொல்கிறது என்று தெரிந்தபின், சூடு எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் முகப்பில் தூசியும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது ஏறினால், குறை பெரும்பாலும் நீரோட்டத்தில்தான். ரேடியேட்டரின் உட்குழல்களை உப்பு அடைத்திருக்கலாம். கீழ் ரப்பர் குழாய் நைந்து, பம்பு இழுக்கும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போய், மேல் ரப்பர் குழாய் மட்டும் குளிர்ந்தே கிடந்தால், அப்போது தெர்மாஸ்டாட்டை ஐயுறலாம். அது மூடியபடி நின்றுவிட்டது. எவ்வளவு தூரம் சென்றாலும் முள் நடுவை எட்டவில்லை என்றால், அது திறந்தபடி நிற்கிறது, அல்லது யாரோ முன்பே அகற்றிவிட்டார்கள்.

ஐயத்தைத் தீர்க்க அடுக்களையே போதும். தெர்மாஸ்டாட்டை ஒரு கயிற்றில் கட்டி, அடியைத் தொடாதவாறு பாத்திர நீரில் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியையும் வைத்து நீரைச் சூடாக்குங்கள். பொறித்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுவதும் திறந்தால் அது நல்லது. பழைய துருத்தி வகை பழுதானால் பெரும்பாலும் திறந்தே நிற்கும். பின்னர் வந்த மெழுகு வகையில் மெழுகு கசிந்தால் மூடியே நின்றுவிடும். ஆகவே பழைய காரில் புதிய வகையைப் பொருத்தியவர்கள் முள்ளை அடிக்கடி பார்ப்பது நலம்.

அதை அகற்றிவிட்டால் என்ன கேடு? தில்லியில் என் நண்பர் ஒருவருடைய காரில், கோடையில் ஒரு பட்டறையார் அதைக் கழற்றிவிட்டார். ஜனவரிக் குளிரில் எஞ்சின் சூடேறவே மறுத்தது. நண்பர் நெடுந்தூரம் சோக்கை இழுத்தபடியே ஓட்டினார். குளிர்ந்த சிலிண்டரில் ஆவியாகாத பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுகிறது, எண்ணெயில் ஈரம் சேர்ந்து சேறு படிகிறது, தேய்மானம் பெருகுகிறது. அடுத்த மே மாதத்தில் கார் மீண்டும் கொதித்தது. ரேடியேட்டரைத் திறந்தபோது உட்குழல்களில் பாதி அடைபட்டிருந்தன. உண்மையான நோய் ஓராண்டு மறைந்திருந்தது. எஞ்சினுக்கு இன்னொரு நோயும் சேர்ந்துகொண்டது.

வெளியே ஒழுக்கு இல்லாமலேயே நீர் குறைந்தாலும், ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தாலும், எண்ணெய் பாலைப்போல் வெளுத்தாலும், ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கக் கூடும். அந்நிலையில் காரை ஓட்டுவது சிலிண்டர் தலைப்பகுதியையே வளைத்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு 7 ராத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. சூடான நிலையில் அதைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். முள் உச்சிக்குப் போனால் காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமேனும் காத்திருங்கள். குழாயைத் தொட்டுப் பார்ப்பதும் விசிறி நின்ற பிறகே ஆகட்டும். ஆறிய எஞ்சினில் நீரின் அளவு, பெல்ட், குழாய்கள், மூடி, ரேடியேட்டர் ஆகியவற்றை இவ்வரிசையில் பாருங்கள். தெர்மாஸ்டாட்டைச் சோதித்துப் பாருங்கள். கெட்டிருந்தால் புதியதை வையுங்கள். அதன் இடத்தை வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.